மணிக்கட்டு சாரும் பாதி கீபோர்டும்

ஆயுசு முழுக்கத் தன் மணிக்கட்டைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்காமல் வாழ்ந்து முடிப்பவர்கள்தான் இந்த உலகத்தில் அதிகம். அத்தனை பேருக்கும் சேர்த்துக் கவலைப்படுவதற்கென்றே ஒருவரைப் படைத்து, ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு அனுப்பிவைத்தான் ஆண்டவன்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டு தயார் செய்யும் ஹெச்.ஆர். பிரிவில் இருந்ததால் எனக்கு அது தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் மணிக்கட்டு சார். காலையில் ஆபீஸுக்குள் நுழைகிறவர்கள் குட்மார்னிங் சொல்வார்கள், சாப்பிட்டாச்சா என்பார்கள். இவர் நேராக என் மேஜைக்கு வந்து, "மணிக்கட்டு எப்படி இருக்கு மேடம்?" என்பார். நல்லா இருக்கு என்றால் நம்பமாட்டார். கையை நீட்டச் சொல்லி, விரலை மடக்கச் சொல்லி, கை ரேகை பார்க்கிற ஜோசியர் மாதிரி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் போய்விடுவார். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க எனக்கு மணிக்கட்டு வலிக்கும்.

எங்கள் பக்கம் ஒரு பட்டப்பெயர் நிலைப்பது லேசான காரியமில்லை. தமிழில் வைத்தால் கன்னடக்காரர் விழிப்பார், கன்னடத்தில் வைத்தால் தெலுங்குக்காரர் கோபித்துக்கொள்வார். ஆனால் மணிக்கட்டுக்கு மூன்று மொழியிலும் மணிக்கட்டுதான். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி, "மணிக்கட்டு சார் பந்த்ரு" என்று கன்னடத்தில் சொல்லி கேட்டைத் திறப்பார். கேன்டீனில் டீ போடும் ரத்னம்மா, "மணிக்கட்டு சார்கி சக்கெர வத்து" என்று தெலுங்கில் சொல்லிச் சர்க்கரை இல்லாத டீயைத் தனியாக எடுத்துவைப்பார். தண்ணீர் விஷயத்தில்கூட ஒத்துப்போகாத மூன்று மொழிக்காரர்கள் இந்த ஒரு பெயரில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அவருக்கு எங்கள் ஹாலிலேயே இருந்த டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. லாரியில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் எங்கிருந்து எங்கே போகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் அடித்துச் சீட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். சீட்டு வந்தால்தான் லாரி நகரும். கம்பெனி கொடுத்த கீபோர்டை அவர் முதல் நாளே துணி போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் தன் பையிலிருந்து சொந்தக் கீபோர்டை எடுத்து மேஜையில் பரப்பினார். அது இரண்டு துண்டாக இருந்தது.

"அய்யோ சார், ஒடஞ்சிடுச்சா?" என்று பதறினேன்.

"இல்ல மேடம். பொறந்ததே இப்படித்தான்."

இடது கைக்கு ஒரு துண்டு, வலது கைக்கு ஒரு துண்டு. நடுவே ஒரு முழம் இடைவெளி. இரண்டையும் சேர்க்கும் சின்ன ஒயர் ஒன்று. கூடாரம் போட்டாற்போல இரண்டும் சாய்ந்து நின்றன. சாய்வு கொடுக்க அடியில் வைத்திருந்தது, வண்டிப் பாகம் செய்யும் எங்கள் கம்பெனியிலேயே ரிஜெக்ட் ஆன ரப்பர் புஷ்கள். வண்டிக்கு ஆகாதது மனுஷனுக்கு ஆகும் என்பது அவருடைய வாதம்.

"கை கீபோர்டைத் தேடிப் போகக்கூடாது மேடம். கீபோர்டுதான் கையைத் தேடி வரணும்" என்றார். பட்டன்களில் ஒரு எழுத்தும் கிடையாது. எல்லாம் மொட்டைக் கறுப்பு. எழுத்து எங்கே என்று கேட்டால் தன் விரலைக் காட்டுவார். அவர் லீவு போட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் ஒருவராலும் ஒரு வரி அடிக்க முடியாது. கடவுள் புண்ணியத்தில் அவர் லீவு போடமாட்டார்.

நடுவில் இருந்த இடைவெளியில் அவருடைய டீ கிளாஸ் நிற்கும். இடது துண்டு தமிழ்நாடு, வலது துண்டு கர்நாடகா, டீ கிளாஸ் நிற்கும் இடம் அத்திப்பள்ளி செக்போஸ்ட் என்று பேர் வைத்திருந்தார். தெரியாமல் யாராவது அங்கே ஃபைலை வைத்துவிட்டால், "அத்திப்பள்ளில டிராஃபிக் ஜாம் பண்ணாதீங்கப்பா" என்று கத்துவார்.

அந்தக் கீபோர்டுக்கு அவர் செய்த சேவையை மாமியார் வீட்டில் மருமகனுக்குக்கூடச் செய்யமாட்டார்கள். ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் ஒரு குட்டி ஸ்விட்ச் உண்டாம். அதையெல்லாம் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் கண்மை தீட்டுவது போல் உயவு எண்ணெய் தடவுவார். ஒருமுறை மெயின்டனன்ஸ் பிரிவுக்குப் போன் போட்டு, கொஞ்சம் கிரீஸ் கிடைக்குமா என்று கேட்டார். கீபோர்டுக்கு என்று சொல்ல மறந்துவிட்டார். லாரி ஆக்சிலுக்கு அடிக்கும் கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்து நின்றார்கள். எண்ணெய் போட்டு முடித்ததும் எங்களைக் கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்கச் சொல்வார்.

"தகரத்து மேல சன்னமா மழை பெய்யற மாதிரி இல்ல?"

"இல்ல சார். கீபோர்டு தட்டற மாதிரிதான் இருக்கு."

"இன்னொரு தடவை கேளுங்க" என்பார். மழை என்று ஒத்துக்கொள்ளும்வரை விடமாட்டார்.

கொள்ளு விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். மணிக்கட்டைத் தாங்குவதற்குப் பேரிகை சந்தையில் கொள்ளு வாங்கி, துணிப்பையில் தைத்து, கீபோர்டின் முன்னால் இரண்டு குட்டித் தலையணைகள் வைத்திருந்தார். பொங்கல் லீவுக்கு முன்னால் யாரோ அத்திப்பள்ளியில் இடித்து, டீ கவிழ்ந்து, ஒரு தலையணை முழுக்க நனைந்துவிட்டது. துடைத்துவிட்டுப் போய்விட்டோம். லீவு முடிந்து வந்து பார்த்தால் தையல் இடுக்கு வழியாக வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது. விஷயம் பரவி, மெஷினில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஆட்கள்கூட ஹெல்மெட்டோடு வந்து பார்த்தார்கள். கேன்டீன் ரத்னம்மா பையை வாங்கி முகர்ந்து பார்த்து, உலவச்சாறு வைத்தால் அருமையாக இருக்கும் என்று அபிப்பிராயம் சொன்னார். கொள்ளு ரசத்துக்குத் தெலுங்கில் அதுதான் பேர். மணிக்கட்டு சார் பையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

டெஸ்பாட்ச்சையும் சேர்த்துப் பார்த்த எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் நாமக்கல்காரர். குடும்பமே கோழிப்பண்ணை. படித்துத் தப்பித்து வந்துவிட்டதாக அவரே சொல்வார். அவர் சேர்ந்த புதிதில் மரியாதைக்காக மணிக்கட்டு சாரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"என்னங்க, பட்டனே கம்மியா இருக்குதுங்களே. நம்பரெல்லாம் எங்க?"

"அது அடுத்த லேயர்ல இருக்கு சார்."

மேனேஜர் நிமிர்ந்தார். "உங்ககிட்ட லேயர் இருக்குதுங்களா?"

"நாலு இருக்கு சார்."

"நாலு ஷெட்டுங்களா?"

"நாலே நாலுதான் சார். கட்டைவிரல வெச்சு அமுக்கினா போதும், அடுத்த லேயர் வந்துடும்."

"அமுக்குவீங்களா? வாயில்லா ஜீவனுங்க அது" என்றார் மேனேஜர். முகம் வெளிறிவிட்டது.

நாமக்கல் பக்கம் லேயர் என்றால் முட்டைக்கோழி. மணிக்கட்டு சாருக்கோ லேயர் என்றால் கீபோர்டின் அடுக்கு. கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டால் மற்ற பட்டன்களெல்லாம் வேறு எழுத்தாக மாறிவிடும், விட்டால் பழையபடி ஆகிவிடும். இதை நான் குறுக்கே புகுந்து விளக்கிய பிறகும், மேனேஜர் அந்தக் கீபோர்டைப் பார்க்கும்போதெல்லாம் பண்ணையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

கீபோர்டு ஒரு பைத்தியம் என்றால் இன்டர்நெட் இன்னொரு பைத்தியம். அவரைப் போலவே கையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்றும், அவர்களெல்லாம் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அந்தக் குழுவில் மேய்ந்து, அங்கிருந்து எங்கெங்கோ போய், தினம் காலையில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவார். "இன்னைக்கு என்ன சிக்கிச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். பழைய வீட்டுக் கதவுகள் திறக்கும் சத்தத்தை மட்டும் பதிவு செய்து போடும் ஒரு கிழவர். எங்கேயும் போய்ச் சேராத படிக்கட்டுகளை மட்டும் படம் எடுக்கும் ஒரு பெண். இதனால் கம்பெனிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மேடம், அதான் நல்லா இருக்கு" என்பார்.

ஒரு நாள் நாரைக்கூடு சிக்கியது. ஏதோ ஒரு குளிர் தேசத்தில், கம்பத்து உச்சியில் கூடு. அதன் மேலே யாரோ கேமரா வைத்து நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தாய் நாரை முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அது மட்டும்தான் காட்சி. முதலில் சிரித்தோம். இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் மேஜையைச் சுற்றி நின்றோம். மூன்றாம் நாள் இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று மேனேஜர் வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"முட்டையைத் திருப்பி வைக்குது பாருங்க. நல்ல தாயிங்க அது" என்றார். அதன் பிறகு அவருக்கு நாற்காலி போட வேண்டியதாயிற்று. குஞ்சு ஓட்டை உடைத்துத் தலையை நீட்டிய அன்றைக்கு டெஸ்பாட்ச் பிரிவில் விழுந்த கைதட்டலில், யாரோ ரிட்டயர் ஆகிறார்கள் என்று நினைத்து ரத்னம்மா எல்லோருக்கும் டீ கொண்டுவந்துவிட்டார். சீட்டுக்காகக் காத்திருந்த லாரி டிரைவர்களும் உள்ளே வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இப்படி எல்லோரும் அவரை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் மாதேஷ் விஷயம் வந்தது.

மாதேஷ் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரன். கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். மெஷினில் ஒரு விபத்து. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. சிகிச்சையெல்லாம் முடிந்து திரும்பி வந்தவனை இனிமேல் பிரஸ்ஸில் நிறுத்த முடியாது. டெஸ்பாட்ச்சில் சீட்டு அடிக்க இன்னொரு ஆளுக்கு இடம் காலியாக இருக்கிறது, செய்ய முடிந்தால் வைத்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் அடித்துக் காட்ட வேண்டும்.

"நான் என்னங்க பண்றது? சீட்டு லேட்டானா லாரி நிக்குது. மேல கேக்கறாங்க" என்று மேனேஜர் என்னிடம் புலம்பினார். அவர் கெட்டவரில்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

மாதேஷ் கம்பெனிக் கீபோர்டில் இடது கையால் அடித்துப் பார்த்தான். ஒற்றைக் கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய் வருவதற்குள், பாகலூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு நடந்து போய்த் திரும்பிய களைப்பு அவனுக்கு. ஒரு சீட்டு முடிவதற்குள் வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்து வந்து என் மேஜை முன்னால் நின்றான்.

"எனக்கு ஆவாதுங்க மேடம். ஊருக்கே போயிடறேன்."

"போயி என்னப்பா பண்ணுவ?"

"ராகி போடணும்."

"நல்லதுதானே?"

"போட்டா யானை வந்து துன்னுட்டுப் போயிடும் மேடம்" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபைலைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பக்கத்து மேஜையில் மழைச் சத்தம் நின்றது. மணிக்கட்டு சார் எழுந்து வந்தார். வந்தவர் வழக்கம்போல, "மணிக்கட்டு எப்படி இருக்கு மாதேஷ்?" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. விரல் போனவனிடம் கேட்கிற கேள்வியா இது? அவர் அவனுடைய இடது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, மடக்கி, கட்டைவிரலை மட்டும் தனியாக அசைத்துப் பார்த்தார்.

"அருமையான கட்டைவிரல்" என்றார்.

அன்றைக்கே அந்த இணையக் குழுவில் கேட்டிருக்கிறார். ஒரு கையால் எல்லா எழுத்தும் அடிக்க வழி உண்டா என்று. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பதில்கள் வந்து விழுந்தன. முகத்துக்குப் பதில் கள்ளிச்செடி படம் வைத்திருந்த ஒருவர், தானும் பல வருஷமாக ஒற்றைக் கையால்தான் அடிப்பதாகச் சொல்லி, முறையையே விளக்கி எழுதியிருந்தார். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிகிற மாதிரி. இடது பாதிக் கீபோர்டு மட்டும் போதும். சும்மா அடித்தால் இடது பக்கத்து எழுத்துகள் வரும். கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு அதே இடத்தில் அடித்தால் வலது பக்கத்து எழுத்துகள் வரும். கை நகரவே வேண்டாம். எல்லாம் லேயர் வேலை.

"நல்ல ஐடியா சார். அந்தப் பாதிக் கீபோர்டு எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"வெளிநாட்லேர்ந்து சாமான் வரவெச்சு நாமளே பண்ணணும் மேடம். கஸ்டம்ஸ்ல மாட்டினா மாசக்கணக்கா ஆகும்."

"திங்கக்கிழமை டெஸ்ட் சார்!"

"தெரியும்" என்றார். தன் மேஜைக்குப் போனார். டீ கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டு துண்டையும் சேர்த்திருந்த அந்தச் சின்ன ஒயரைப் பிடுங்கினார். இடது துண்டை ரப்பர் புஷ்ஷோடு தூக்கி மாதேஷ் கையில் கொடுத்தார். யாராவது அதன் மேல் விரல் வைத்தாலே பாம்பைப் பார்த்தவர் மாதிரி பதறுகிற மனிதர்.

"வேணாங்க சார். உங்க கையி?" என்றான் மாதேஷ்.

"எனக்கு வலது பாதி இருக்கே. ரெண்டுக்கும் தனித்தனி மூளை. நானும் அதே மாதிரி மாத்திக்கிறேன்."

மாதேஷ் போன பிறகு நான்தான் விடாமல் கேட்டேன், இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருந்ததை எப்படிக் கொடுக்க மனசு வந்தது என்று. அப்போதுதான் சொன்னார். முன்பு பெங்களூரில் நல்ல கம்பெனியில் இருந்தாராம். பொழுதெல்லாம் டைப் அடித்து அடித்து இரண்டு மணிக்கட்டும் போய்விட்டது.

"சட்டை பட்டன் போட முடியாது மேடம். குளிக்கறப்போ சொம்பு தூக்க முடியாது. இனிமே கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். வேலை போச்சு. வீட்ல உக்காந்து இன்டர்நெட்ட பார்த்துட்டிருந்தப்பதான் இந்த ஆளுங்க சிக்கினாங்க. யாரு எவருன்னே தெரியாது. ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தாங்க. சும்மாதான் சொல்லிக் குடுத்தாங்க." மிச்சமிருந்த வலது பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "கை போச்சுன்னு வீட்ல உக்கார்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றார்.

இத்தனை நாள் அவர் என் கையைப் பிடித்துப் பார்த்ததெல்லாம் எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது.

சனிக்கிழமை மீட்டிங் ரூமில் பயிற்சி. மாதேஷ் பிரஸ்ஸில் நின்று பழகியவன். உள்ளங்கையால் பட்டனை ஓங்கி அடித்தால்தான் அந்த மெஷின் இறங்கும். அதே பழக்கத்தில் கீபோர்டையும் ஓங்கி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டு சார் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"மெதுவா மாதேஷ். அது இரும்புத் தகடு இல்ல, எழுத்து. தொட்டாலே வரும். கட்டைவிரல மட்டும் விட்றாத. எந்த லேயர்ல இருக்கோம்னு கட்டைவிரலுக்குத்தான் தெரியும்."

திங்கட்கிழமை வந்தது. மேனேஜர் உட்கார்ந்தார். மாதேஷ் உட்கார்ந்தான். மணிக்கட்டு சார் கதவோரம் நின்று, யாரும் கேட்காமலே தன் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். அனுப்பும் ஊர் ஓசூர், போய்ச் சேரும் ஊர் கிருஷ்ணகிரி என்று மேனேஜர் சொன்னார். மாதேஷ் அடித்தான். இங்கிலீஷில் ஓசூருக்கு ஐந்து எழுத்து. ஐந்தும் வேகமாக வந்தன. மேனேஜர் கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"ஜி... டபிள்யூ... எஸ்... ஆர்... ஆர். இது எந்த ஊருங்க?"

மாதேஷுக்கு வேர்த்துக் கொட்டியது. பதற்றத்தில் கட்டைவிரலை வைக்கவே மறந்துவிட்டிருக்கிறான்.

"ஓசூருதாங்க சார்" என்றான் மெதுவாக. "வேற லேயர்ல இருக்குது."

மேனேஜர் அவனைப் பார்த்தார். கதவோரம் நின்றவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சாமியெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"லேயர்னா பொறுமை வேணுமுங்க" என்றார். "புதுசா ஷெட்டுக்கு வந்த கோழி எடுத்த எடுப்புல முட்டை வைக்காது. எடம் பழகோணும், ஆள் பழகோணும். நான் பார்க்காததா? மேல நான் சொல்லிக்கிறேன். இந்த மாசம் முழுக்க அடிக்கட்டும், அப்புறம் பார்ப்போம்."

அந்த மாதம் முடிவதற்குள் மாதேஷ் எங்கள் எல்லோரையும் விட வேகமாக அடிக்க ஆரம்பித்துவிட்டான். மேனேஜர் மறுபடி டெஸ்ட் வைக்கவில்லை. வேலை நிரந்தரம் என்ற உத்தரவை என்னிடம் டைப் செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மாதேஷ் அதை வாங்கி நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கு வேகம் வந்தது, கொடுத்தவருக்குக் குறைந்தது. வலது பாதியில் ஒற்றைக் கையால் அடித்த மணிக்கட்டு சார், அவசரத்தில் கட்டைவிரலை மறந்தால் அவருடைய ஓசூர் வேறு மாதிரி வந்தது. எச், ஓ, எல், யூ, யூ. ஹோலூ. அந்தப் பெயரோடு ஒரு சீட்டு லாரியில் ஏறிப் போயே போய்விட்டது. சரக்கு வாங்கிய கம்பெனியிலிருந்து மேனேஜருக்குப் போன். "சரக்கு வந்துச்சு சார். ஆனா இந்த ஹோலூ எந்த ஸ்டேட்ல இருக்கு?" அன்றிலிருந்து ஆபீஸில் எங்களுக்கு ஓசூர் என்ற ஊரே இல்லை. மாதேஷ் பக்கம் ஜிடபிள்யூஎஸ்ஆர்ஆர், அவர் பக்கம் ஹோலூ.

புதிதாக இடது பாதி செய்ய அவர் வரவழைத்த சாமான் பல மாதம் கழித்து வந்தது. பெட்டியைப் பிரிக்க நாங்களெல்லாம் கூடினோம். உள்ளே இருந்தது வலது பாதி. கொஞ்ச நேரம் பார்த்தார். "யாருக்காவது ஆகும்" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டார். துணி போட்டு மூடிய கம்பெனிக் கீபோர்டுக்குத் துணை கிடைத்தது.

ஒரு நாள் அவர் இடது கையால் டீ குடிப்பதைப் பார்த்தேன். மறுநாளும் இடது கை. பழைய வலி வலது கைக்குத் திரும்பிவிட்டதா? கேட்டால் மழுப்பினார். மாதேஷும் கவனித்திருக்கிறான். நேராக மேனேஜரிடம் போய், சாருடைய சீட்டில் பாதிக்கு மேல் தானே அடிக்கிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கி, தன் மேஜையைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு வந்து அவர் மேஜைக்கு இடது பக்கம் போட்டுக்கொண்டான். மேனேஜர் வந்து பார்த்தார்.

"ஒரே கீபோர்டு, ரெண்டு ஆளுங்களா?" என்றார்.

"ரெண்டு ஆள், ஒரே கீபோர்டுங்க சார்" என்றான் மாதேஷ். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இடது மேஜையில் இடது பாதி, வலது மேஜையில் வலது பாதி. நடுவில் ரத்னம்மா இரண்டு டீ கிளாஸ் வைத்தார். அத்திப்பள்ளி கொஞ்சம் அகலமாகிவிட்டது. மெல்ல மெல்ல வலது கைக்கு டீ கிளாஸ் திரும்பி வந்தது.

நான் இப்போது கிருஷ்ணகிரியில் வேறு ஆபீஸில் இருக்கிறேன். நல்ல ஆபீஸ்தான். சாப்பிட்டாச்சா என்று கேட்க ஆள் இருக்கிறது. காலையில் சில நாள் அவரிடமிருந்து ஏதாவது வரும். போன வாரம் ஒரு நத்தை இலை தின்னும் சத்தம் வந்தது. அதன் கீழே இரண்டு வரி. "ஹோலூவுக்கு எப்ப வர்றீங்க மேடம்? மணிக்கட்டு எப்படி இருக்கு?"

நத்தையை முழுக்கக் கேட்டேன். மழை மாதிரித்தான் இருந்தது. பிறகு பதில் போட்டேன். "ரெண்டு நாளா ஒரே வலி சார். சனிக்கிழமை வந்து காட்டறேன்."

என் மணிக்கட்டு நன்றாகத்தான் இருக்கிறது.